சோறும் சர்க்கரை நோயும்: உணவு ஆய்வு ஒன்றைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

"வெள்ளைச் சோறு அதிகம் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 61 சதவீதம் கூடுதல்." 2020இல் 'டயபட்டீஸ் கேர்' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று தெற்காசியாவுக்குச் சொன்ன எண் இது. இப்படி ஒரு வரி வாட்ஸாப்பில் வந்தால் வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டார், தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்" என்பது ஒரு கட்சி. அன்றைக்கே அரிசியை ஒதுக்கிவிட்டு வரகும் சாமையும் வாங்கக் கிளம்புவது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஆய்வைப் படித்தவர் யாரும் இருக்கமாட்டார்.

படிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மருத்துவமோ புள்ளியியலோ தெரியாதவர்களும் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டால், ஒரு உணவு ஆய்வு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று ஓரளவு கணித்துவிடலாம். இந்த அரிசி ஆய்வையே கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விகளைப் பார்ப்போம்.

1. செய்தியை மூடிவிட்டு ஆய்வுச் சுருக்கத்தைத் திறங்கள்

பப்மெட் என்ற தளத்தில் உலகின் மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலானவற்றின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். உணவின் பெயர், நோயின் பெயர், ஆண்டு மூன்றையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும். ஒரு பத்தி அளவுதான் இருக்கும். அதில் நான்கு விஷயங்களை மட்டும் தேடி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், எத்தனை ஆண்டு, எதை எதோடு ஒப்பிட்டார்கள்.

நம் ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,32,373 பேர். சராசரியாக 9.5 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அதற்குள் 6,129 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நாளொன்றுக்கு 450 கிராமோ அதற்கு மேலோ சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். இது வெந்த சோற்றின் எடை என்பதைக் கவனியுங்கள்; கிண்ணக் கணக்கில் சுமார் மூன்று கிண்ணம். நம் ஊரில் மதியச் சாப்பாட்டிலேயே அதைத் தொட்டுவிடுபவர்கள் உண்டு.

2. சாப்பிடக் கொடுத்தார்களா, கேட்டு எழுதிக்கொண்டார்களா?

ஆய்வாளர்களே மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு உணவும் மற்றதற்கு வேறு உணவும் கொடுத்திருந்தால் அது சோதனை. மக்கள் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் கேட்டு எழுதிக்கொண்டு, யாருக்கு என்ன நோய் வருகிறது என்று பார்த்திருந்தால் அது உற்றுநோக்கல் ஆய்வு. நாளிதழில் வரும் "இதைச் சாப்பிட்டால் அது வரும்" வகைச் செய்திகளில் பெரும்பகுதி இரண்டாவது வகைதான். நம் அரிசி ஆய்வும் அப்படித்தான்.

உற்றுநோக்கல் ஆய்விலும் தரம் உண்டு. உணவையும் நோயையும் ஒரே நாளில் கேட்டுப் பதிவது பலவீனமானது. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் கூட்டிவைத்து "முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரிப்பது அடுத்தது. நோயில்லாதவர்களை எடுத்துப் பல ஆண்டு பின்தொடர்வது இவற்றில் வலுவானது. நம் ஆய்வு இந்த மூன்றாம் வகை.

நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் விசாரிக்கும் அந்த நடு வகையில், ஒப்பிட எடுத்த ஆட்கள் யார் என்று பார்ப்பது முக்கியம். 1981இல், காபி குடிப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்து பரபரப்பானது. 369 புற்றுநோயாளிகள், ஒப்பிட, அதே மருத்துவர்களிடம் வேறு நோய்களுக்காக வந்த 644 பேர். அந்த மருத்துவர்களில் பலர் வயிறு, குடல் நிபுணர்கள். அவர்களிடம் வருபவர்களில் வயிற்றுக் கோளாறுக்காக ஏற்கெனவே காபியைக் குறைத்தவர்கள் நிறைய. புற்றுநோயாளிகள் அதிகம் குடித்தார்களா, ஒப்பிட எடுத்தவர்கள் குறைவாகக் குடித்தார்களா? பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

3. அந்த உணவைத் தட்டில் வைத்தது எது?

எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். மீதி எல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சாப்பாடு என்பது தனியாக வருவதில்லை. வருமானம், படிப்பு, வேலை, சாதி, ஊர், பல் நிலைமை, மருத்துவர் சொன்னது, மாமியார் சொன்னது எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் தட்டில் என்ன விழுகிறது என்று முடிவாகிறது. அதே விஷயங்கள்தான் அவருக்கு என்ன நோய் வரும் என்பதையும் பாதிக்கின்றன. ஆகவே உணவுக்கும் நோய்க்கும் இடையே தொடர்பு தெரிந்தால், அது உணவால் வந்ததா, கூடவே வந்த மற்றவற்றால் வந்ததா என்று பிரிப்பது கடினம்.

இதற்கு மிக வலுவான உதாரணம் பீட்டா கரோட்டின். கேரட், கீரை, மஞ்சள் நிறப் பழங்களில் இருக்கும் சத்து. 1980களில், இவற்றை அதிகம் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகள் சொல்லின. முடிவுகள் ஒன்றையொன்று ஆமோதித்தன. உடலுக்குள் அது எப்படி வேலைசெய்யும் என்பதற்கு விளக்கமும் தயாராக இருந்தது. சரி, மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் அதே நேரத்தில் நடந்த இன்னொரு சோதனையில், புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் கல்நார் தூசியில் வேலைபார்த்தவர்களுமாக 18,314 பேர். அவர்களுக்கு பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதால், 1996 ஜனவரியில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

கேரட் சாப்பிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வந்ததும் உண்மை. ஆனால் கேரட்டும் கீரையும் தேடிச் சாப்பிடுபவர் பொதுவாகக் குறைவாகப் புகைப்பவர், வசதி கொஞ்சம் கூடுதலானவர், உடம்பைக் கவனிப்பவர். காய்கறியில் வேறு நூறு சத்துகளும் உண்டு. அதில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து மாத்திரையாக்கினால் அந்த வாழ்க்கை முழுவதும் கூட வந்துவிடாது.

இப்போது நம் சோற்றுக்கு வருவோம். தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிடுபவர் யார்? ஒரு வகை, வயலிலும் கட்டட வேலையிலும் உடம்பு நோக உழைப்பவர். இன்னொரு வகை, பருப்பும் காயும் வாங்கக் கையில் காசு இல்லாததால் சோற்றாலேயே வயிற்றை நிரப்புபவர். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு அப்படி இல்லை. மூன்றாவது வகை, நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்துவிட்டு ருசிக்காக இரண்டாம் முறை சோறு கேட்பவர். மூவர் தட்டிலும் ஒரே எடைதான். மூவருக்கும் நோய் வரும் வாய்ப்பு ஒன்றாக இருக்குமா?

"வயது, பாலினம், புகைப்பழக்கம், உடலுழைப்பு போன்றவற்றைக் கணக்கில் சரிசெய்துவிட்டோம்" என்று எல்லா ஆய்விலும் ஒரு வரி இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் கேட்டு எழுதியதை மட்டுமே சரிசெய்ய முடியும். வருமானத்தைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சரியாகச் சொல்வோம்? தோராயமாக அளந்ததைத் தோராயமாகத்தான் சரிசெய்ய முடியும். மிச்சம் இருக்கவே செய்யும்.

4. முதலில் வந்தது உணவா, நோயா?

நம் ஊரில் ஒருவர் திடீரென்று இரவு மட்டும் சப்பாத்திக்கு மாறினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கும். இப்போது யாராவது ஒரே நாளில் போய் "இரவு என்ன சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை நோய் உண்டா?" என்று கேட்டுக் கணக்குப்போட்டால், சப்பாத்திதான் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது என்று முடிவு வரலாம்.

சிரிப்பாகத் தோன்றினாலும் இதே சிக்கல் மதுவைப் பற்றிய ஆய்வுகளைப் பல ஆண்டு ஆட்டிவைத்தது. அளவாகக் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட நலமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டின. குடிக்காதவர்கள் என்ற கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போனதால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். 2019இல் சீனாவில் ஐந்து லட்சம் பேரைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. கிழக்காசியர்களில் பலருக்கு, குடித்தால் முகம் சிவந்து குமட்டும் மரபணு மாற்றம் உண்டு. அது இருப்பவர்கள் குறைவாகத்தான் குடிப்பார்கள். அந்த மரபணு பிறவியிலேயே வருவது. நோய் வந்த பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது, அளவான குடி பக்கவாதத்திலிருந்து காப்பதாகத் தெரிந்த தோற்றம் மறைந்துபோனது.

நம் அரிசி ஆய்வில், தொடக்கத்தில் சர்க்கரை நோய் இல்லாதவர்களை மட்டுமே எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். ஆகவே இந்தக் கேள்வியில் அது தேறிவிடுகிறது.

5. சாப்பிட்டதை எப்படி அளந்தார்கள்?

பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள். "கடந்த ஓராண்டில் கத்தரிக்காய் எத்தனை முறை சாப்பிட்டீர்கள்? தினமுமா, வாரம் இரண்டு முறையா, மாதம் ஒரு முறையா?" சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' என்ற சர்க்கரை நோய் ஆய்வில் பயன்படுத்திய கேள்வித்தாளில் 200க்கும் மேற்பட்ட உணவுகள் உண்டு. உட்கார்ந்து பதில் சொல்லிப் பாருங்கள், நான்காவது காயிலேயே குத்துமதிப்பாகச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

நம் சமையலில் இன்னும் கஷ்டம். குழம்புச் சட்டி ஒன்று, சாப்பிடுபவர் ஐந்து பேர். அதில் யார் எவ்வளவு பருப்பு சாப்பிட்டார், யார் கரண்டியில் காய் அதிகம் வந்தது? எண்ணெய்க்கு ஒரே வழி, மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று கேட்டு ஆட்களால் வகுப்பது. தீபாவளி மாதத்தில் கேட்டால் ஒரு கணக்கு, ஆடியில் கேட்டால் வேறு.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சற்றுக் கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிறப்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்த்தால் உடம்பு உண்மையில் செலவழித்த ஆற்றல் தெரிந்துவிடும். அமெரிக்காவின் மேரிலாந்தில் 484 பேரிடம் இப்படிச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. கேள்வித்தாளில் அவர்கள் சொன்ன உணவின் ஆற்றல், உண்மையைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. முந்தைய நாள் சாப்பிட்டதை மட்டும் கேட்டபோது பிழை பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. உடல் பருமன் உள்ளவர்கள் இன்னும் குறைத்துச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே அளவு குறைத்துச் சொன்னால் சமாளித்துவிடலாம். நோய் அபாயம் அதிகமுள்ளவர்களே அதிகம் குறைத்துச் சொன்னால் முடிவு எந்தப் பக்கமும் சாயலாம்.

சோற்றைப் பொறுத்தவரை ஒரு ஆறுதல்: தினமும் சாப்பிடுவது, தனியாகத் தெரிவது, ஞாபகத்தில் நிற்பது. எண்ணெயையோ உப்பையோவிடச் சோற்றின் கணக்கை நம்பலாம். ஆனால் நம் ஆய்வில் உணவைத் தொடக்கத்தில் ஒரு முறைதான் கேட்டார்கள். ஒன்பது ஆண்டில் எத்தனை வீடுகளின் சாப்பாடு மாறியிருக்கும்!

6. எதற்குப் பதிலாக?

சோற்றைக் குறைத்தவர் பட்டினி கிடப்பதில்லை. அந்த இடத்தில் பருப்பும் கீரையும் வந்தால் ஒரு விளைவு, மைதா பரோட்டா வந்தால் வேறு விளைவு. சோறு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது. செய்தியில் இந்த ஒப்பீடு இல்லையென்றால் ஆய்வுக்குள் தேடுங்கள்.

7. சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

61 சதவீதம் என்றதும் நூறில் 61 பேருக்கு நோய் வரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இந்த ஆய்வு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒன்பதரை ஆண்டில் நூறு பேரில் ஏறக்குறைய 5 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. குறைவாகச் சோறு சாப்பிடுபவர்களில் நூறுக்கு 5 என்று வைத்துக்கொண்டால், 61 சதவீதம் கூடினால் 8 ஆகும். சின்ன விஷயம் என்று தள்ளமுடியாது. கோடிக்கணக்கான மக்கள்தொகையில் அது பெரிய எண். ஆனால் தலைப்பைப் படித்தபோது மனதில் வந்த படம் வேறு.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. நூறில் 5 பேருக்கு வரும் இடத்தில் அது 6 ஆகும். ஒரே செய்தி, இரண்டு விதமாகக் காதில் விழுகிறது.

அடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற வீச்சு அது. தெற்காசியாவுக்கு அபாயம் 1.61 மடங்கு (61 சதவீதம் கூடுதல் என்பது இதுதான்); வீச்சு 1.13 முதல் 2.30 வரை. அதாவது நூறுக்கு 8 என்றோமே, அது 6 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். வீச்சு 1ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம் என்று பொருள். சீனாவில் அப்படித்தான்: 1.04, வீச்சு 0.77 முதல் 1.40. எல்லா நாடுகளையும் சேர்த்தால் 1.20, வீச்சு 1.02 முதல் 1.40, ஒன்றுக்கு மேலே மயிரிழையில் நிற்கிறது.

இந்தியரைத் தாக்கும் அரிசி சீனரை ஏன் விட்டுவிடுகிறது என்று அடுத்த வாட்ஸாப் செய்தி கிளம்பும். அவசரப்படவேண்டாம். இரண்டு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வேறுபாடு உண்மையாக இருக்கலாம். உடல்வாகு, கூடச் சாப்பிடும் பொருள்கள், உழைப்பு என்று காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து அதை அடித்துச் சொல்லமுடியாது.

இதோடு ஒன்று. உணவுப் பட்டியல் நீளமானது, நோய்ப் பட்டியலும் நீளமானது. எதையும் எதோடும் பொருத்திப் பார்த்தால் சில இடங்களில் தற்செயலாகவே தொடர்பு தெரியும். ஒரு சமையல் புத்தகத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 பொருள்களைத் தேர்ந்தெடுத்து, புற்றுநோயோடு சேர்த்து யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று இரண்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். 2013இல் அது வெளியானது. 40 பொருள்களுக்கு ஆய்வு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆபத்து அல்லது பாதுகாப்பு என்று ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

8. வேறு வழியில் வந்த சான்று உண்டா?

அப்படியானால் எல்லாவற்றையும் குலுக்கல் சோதனையாகவே செய்துவிடலாமே? செய்துபார்த்தார்கள். அமெரிக்காவில் 48,835 பெண்களிடம் எட்டு ஆண்டு நடந்த குறைகொழுப்பு உணவுச் சோதனையில், ஆற்றலில் 20 சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வரவேண்டும் என்பது இலக்கு. ஆறாம் ஆண்டில் அது 29 சதவீதமாக இருந்தது. பத்தியத்தை ஆண்டுக்கணக்கில் யார்தான் கடைப்பிடிப்பார்கள்? ஸ்பெயினின் புகழ்பெற்ற ஆலிவ் எண்ணெய்ச் சோதனை, 7,447 பேர் கொண்டது, 2013இல் வந்தது. குலுக்கலில் சில இடங்களில் குளறுபடி நடந்தது தெரிந்ததால் 2018இல் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஆட்களை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்து அளந்து ஊட்டினால் துல்லியம் கிடைக்கும். ஆனால் பத்து இருபது பேருக்குச் சில வாரம்தான் முடியும்.

ஆகவே சிறு சோதனை, பெரிய உற்றுநோக்கல், உடலியல் மூன்றும் ஒரே திசையில் கைகாட்டுகின்றனவா என்று பார்க்கவேண்டும். அரிசிக்கு ஓரளவு காட்டுகின்றன. சென்னை ஆய்வாளர்கள் எடை கூடிய 15 பேருக்கு ஐந்து நாள் வெள்ளையரிசியும் ஐந்து நாள் தீட்டாத அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்தச் சோதனையில், தீட்டாத அரிசி உண்ட நாள்களில் இரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. பதினைந்து பேர், ஐந்து நாள். பத்தாண்டுக் கதையை அது சொல்லாது. ஆனால் திசை ஒன்றுதான்.

உற்றுநோக்கலை மட்டம் தட்டுபவர்களுக்கு இன்னொரு அரிசிக் கதை சொல்லவேண்டும். 1890களில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா தீவில், கால் மரத்து இதயம் செயலிழக்கும் பெரிபெரி நோய் பரவியிருந்தது. தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே போன்ற நோய் வருவதை ஐக்மன் என்ற மருத்துவர் பார்த்தார். சுகாதார ஆய்வாளர் ஃபோர்டர்மன், தீவின் நூறு சிறைகளில் கைதிகள் என்ன அரிசி சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். வெள்ளையரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பெரிபெரி. தவிடு நீக்காத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் பார்த்தார், எதற்கும் தொடர்பில்லை.

இதுவும் வெறும் கணக்கெடுப்புதான், ஆனால் நம்பமுடிகிறது. வேறுபாடு 1.2 மடங்கு இல்லை, இருநூறு மடங்குக்கு மேல். இன்னொரு காரணம், அந்த உணவைத் தட்டில் வைத்தது எது என்று மேலே 3ஆம் எண்ணில் கேட்ட கேள்விக்கு இங்கே சுத்தமான பதில் உண்டு: கைதி தன் அரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை, சிறை போட்டதைச் சாப்பிட்டார். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பும் உற்றுநோக்கலில்தான் உறுதியானது. அங்கேயும் வேறுபாடு பத்து மடங்குக்கு மேல். இன்றைய உணவுச் செய்திகளில் பெரும்பாலானவை 1.1, 1.2 என்ற எல்லையில் நடமாடுகின்றன. அந்த அளவுக்கு, விடுபட்ட ஒரு வருமானக் கேள்வியே போதும்.

9. சரி, இப்போது என்ன செய்வது?

ஆய்வு தவறாக இருந்தால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ பொரியலோ வைத்தால், ஆய்வு தவறாகவே இருந்தாலும் நஷ்டமில்லை. இதற்கு 1.61ஐ முழுவதும் நம்பவேண்டியதில்லை. பாதி நம்பினாலே போதும். விலைகூடிய மாத்திரை, பொடி, ஒரே ஒரு சத்தைப் பிரித்தெடுத்த டப்பா என்றால் சான்றைக் கறாராகக் கேளுங்கள். பின்லாந்தில் நடந்தது உணவில் நடக்கவில்லை, மாத்திரையில் நடந்தது. ஒரு உணவு வகையையே மொத்தமாக நிறுத்தச் சொல்லும் செய்திக்கும் அதே கறார்தான், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதில் தனி. இன்சுலின் போட்டுக்கொண்டோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டோ சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். மருந்தளவையும் சேர்த்து மாற்றவேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தட்டில் கைவைக்கவேண்டும்.